கச்சேரி மேடைப் பதற்றம்: முதலில் உடைவது எந்த இடம், அதற்கு என்ன சாதகம்?

கீழ்ஸ்தாயி (வாய்ப்பாட்டு)

மேடைப் பதற்றம் பற்றி யார் கேட்டாலும் "தைரியமாப் பாடுங்க, எல்லாம் சரியாயிடும்" என்றுதான் பதில் வருகிறது. சொல்பவர்களின் நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டு நாளைக் காலை என்ன சாதகம் (பயிற்சி) செய்வது? டிசம்பரில் மதியக் கச்சேரி கிடைத்தவர்களுக்கும், முதல் வானொலித் தேர்வுக்குப் போகிறவர்களுக்கும் உருப்படியாக ஏதாவது கிடைக்கட்டும் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அட்ரினலின் சுரந்தால் இதயம் வேகமாகும், உமிழ்நீர் குறையும், விரல் நுனிக்கு ரத்தம் குறைந்து கை சில்லிடும், மூச்சு மார்பின் மேல்பாகத்துக்கு ஏறிவிடும், குரல்வளை மேலே தூக்கிக்கொள்ளும். இதில் ஒவ்வொன்றும் பாட்டில் தனித்தனி இடத்தில் தெரியும். குரல்வளை ஏறினால் மந்தரத்தில் (கீழ் ஸ்தாயியில்) வெறும் காற்றுதான் வரும், மேலே சுருதி கூடும். மூச்சு மேலேறினால் கார்வை (நீட்டி நிற்கும் ஸ்வரம்) பாதியில் அறுந்து, ஒரு வரியை இரண்டு மூச்சில் பாட வேண்டிவரும். இதயம் வேகமானால் காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) ஓடும்.

வாய்ப்பாட்டில் முதல் உடைசல் பெரும்பாலும் முதல் உருப்படியிலேயே (முதல் பாடலிலேயே) நடக்கிறது. அட்ரினலின் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. சில நிமிடங்களில் தானாகவே இறங்கத் தொடங்கும். அதனால் முதல் உருப்படியை அந்தச் சில நிமிடங்களுக்காகவே தேர்ந்தெடுக்க வேண்டும்:

– வருஷக்கணக்காகப் பாடிய வர்ணம் (கச்சேரித் தொடக்கத்தில் பாடும் வகை). அந்த சீசனுக்கென்று கற்ற புது வர்ணம் வேண்டாம்.
– தொடக்கம் மத்திய ஸ்தாயியில் இருக்கட்டும். எடுத்த எடுப்பில் தார ஷட்ஜத்தில் (மேல் ஸ-வில்) நிற்க வேண்டிய உருப்படியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம்.
– சௌக்க காலத்தில் (மெதுவான வேகத்தில்) தொடங்க வேண்டாம். நீளமான கார்வையில்தான் நடுக்கம் வெளியே தெரியும். நடுத்தரக் காலத்தில் மறைந்துவிடும்.

மேடை ஏறுமுன் மூச்சு: 4 எண்ணி உள்ளே, 6 எண்ணி வெளியே, நிமிஷத்துக்கு 6 மூச்சு, 5 நிமிடம். வெளிமூச்சு நீண்டால்தான் இதயத் துடிப்பு இறங்கும். "ஆழமா மூச்சு இழு" என்று சொல்லிக்கொடுத்தால் பதற்றத்தில் பலர் வேகவேகமாக இழுத்து விடுவார்கள். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் மரத்து, தலை கிறுகிறுக்கும். அதைப் பார்த்து பயம் இன்னும் கூடும். எண்ணாமல் செய்யாதீர்கள்.

---

முதல்வரிசை (ரசிகர்)

மன்னிக்கணும், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சாதகம் போதாததால்தான் பயம் வருகிறது. குருகுலத்தில் வருஷக்கணக்காகக் கற்றவர்கள் மூச்சை எண்ணிக்கொண்டா மேடை ஏறினார்கள்?

---

கீழ்ஸ்தாயி

முதல்வரிசை சார், நீங்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. காலையில் குரல் தயார் செய்யாமல், புத்தகம் பார்க்காமல், தம்புராவைப் போட்டதும் பிரதான கிருதியை ஒரே ஒரு தடவை பாடிப் பதிவு செய்யுங்கள். இப்படி மூன்று வேறு நாள். முதல் முயற்சி மட்டுமே கணக்கு. அதிலேயே ஒரு சங்கதி (ஒரே வரியை மாற்றிப் பாடும் விதம்) தடுமாறினால் அது சாதகக் குறை, மேடையின் மேல் பழி போடக் கூடாது. மூன்று நாளும் சுத்தமாக வந்து மேடையில் மட்டும் உடைந்தால் அது மேடைப் பதற்றம். இரண்டுக்கும் மருந்து வேறு. வீட்டில் பத்தாவது தடவை நன்றாக வந்ததை வைத்து "எனக்குப் பாடம் ஆயிடுச்சு" என்று நினைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய ஏமாற்றம். மேடையில் பத்தாவது தடவை கிடையாது.

சாதகம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாத ஆட்களுக்கும் இது இருந்திருக்கிறது. செல்லோ மேதை பாப்லோ கஸால்ஸ் வாழ்நாள் முழுக்க மேடைப் பயத்தோடு வாசித்தவர். பியானோவில் ஹொரொவிட்ஸ் 1953-இல் மேடையை விட்டு விலகி, 1965-இல்தான் திரும்பினார்.

---

வில்வீச்சு (வயலின்)

வயலினில் முதலில் உடைவது வலது கை. வில் நடுங்கும். காரணம் தெரிந்தால்தான் சரிசெய்ய முடியும்: பதற்றத்தில் முழங்கையை மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் இறுகி, ஒன்றை ஒன்று இழுக்கின்றன. மெதுவாக, அழுத்தமில்லாமல், வில்லின் நடுப்பாகத்தில் நீளமாக இழுக்கும்போது அந்த இழுபறி அப்படியே தந்தியில் கேட்கும்.

எல்லாரும் செய்யும் தவறான வைத்தியம், வில்லை இன்னும் இறுக்கிப் பிடிப்பது. நடுக்கம் இரட்டிப்பாகும். செய்ய வேண்டியவை:

1. முதல் ஸ்வரத்தைக் கைப்பிடிக்குப் பக்கத்தில், வில்லின் அடிப்பாகத்தில் தொடங்குங்கள். அங்கே கையின் எடையே தந்தியில் உட்கார்ந்துவிடும்.
2. வில்லின் வேகத்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டுங்கள். ஒரு வில்லில் 8 எண்ணிக்கை இழுப்பதை 4-ஆகப் பிரித்துக்கொண்டால் தப்பில்லை.
3. கட்டைவிரல் மூட்டு மடங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது நேராக விறைத்திருந்தால் தோள்வரை விறைத்துவிட்டது என்று அர்த்தம்.
4. வில் தந்தியில் படும் அதே கணத்தில் மூச்சை வெளியே விடுங்கள்.

சாதகம்: மாடிப்படியில் இரண்டு நிமிடம் ஏறி இறங்கி, துடிப்பு நன்றாக ஏறியதும், தாமதிக்காமல் உட்கார்ந்து வர்ணத்தின் முதல் வரியையும் ஒரு நீண்ட ஷட்ஜத்தையும் வாசியுங்கள். இதயம் அடித்துக்கொள்ளும்போது வில்லை எப்படிப் பிடிப்பது என்று கைக்கு வீட்டிலேயே பழக்கமாகும். வாரம் மூன்று நாள் போதும். முழங்கால் வலியோ இதய நோயோ உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

இடது கை வியர்த்தால் விரல் தந்தியில் ஒட்டும், ஜாரு (விரலைச் சறுக்கி வாசிப்பது) நடுவில் தட்டி நிற்கும். மடியில் ஒரு பருத்தித் துண்டு இருக்கட்டும். உருப்படிக்கு உருப்படி விரலை மட்டுமில்லை, தந்தியையும் துடையுங்கள். கை சில்லிட்டால் மேடைக்குப் போகுமுன் வெதுவெதுப்பான நீரில் 5 நிமிடம் வைத்து நன்றாகத் துடைத்துக்கொள்ளலாம்.

பக்கவாத்தியத்துக்கென்று இன்னொரு பயம் உண்டு: தெரியாத கிருதி வந்துவிட்டால்? பல்லவி முதல் தடவை வரும்போது வரி முழுவதும் வாசிக்க முயலாதீர்கள். ஆதார ஷட்ஜத்தையோ வரி முடியும் ஸ்வரத்தையோ மெல்லப் பிடித்திருங்கள். இரண்டாம் தடவை வரியின் முடிவை மட்டும் சேர்ந்து வாசியுங்கள். மூன்றாவதில் முழுசும் வந்துவிடும். பழக்கமில்லாத விவாதி ராகத்தில் (ஒட்டாத ஸ்வரங்கள் அடுத்தடுத்து வருவது) ஆலாபனை திருப்பினால், பாடகர் காட்டிய பிடிகளில் மூன்றை மட்டும் எடுத்து ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிடுங்கள். அளவாக வாசித்ததை யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

---

தொப்பி_ரவை (மிருதங்கம்)

காலப்பிரமாணம் ஓடுவதைக் கீழ்ஸ்தாயி சார் ஒரு வாக்கியத்தில் தாண்டிவிட்டார். கச்சேரி கெடுவது பெரும்பாலும் அங்கேதான் என்பேன்.

கணக்கைப் பாருங்கள். நிமிஷத்துக்கு 60 அட்சரத்தில் (தாள எண்ணிக்கையில்) ஓர் அட்சரத்துக்கு 8 ஸ்வரம் மேல்காலத்தில் பாடினால் வினாடிக்கு 8 ஸ்வரம். பதற்றத்தில் 68-இல் எடுத்துவிட்டால் வினாடிக்கு 9-ஐத் தாண்டும். பல்லவியில் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது, விறுவிறுப்பாக இருக்கிற மாதிரிகூட இருக்கும். அரைமணி கழித்து மேல்கால ஸ்வரத்தில் நாக்கு ஸ்வரத்தை விழுங்கும்போது "இன்னிக்கு வாய் வரலை" என்று நினைப்பார்கள். வாய் வந்திருக்கிறது, எடுத்த காலம்தான் தப்பு.

அதனால் காலத்தைப் பல்லவியின் முதல் வரியிலிருந்து எடுக்காதீர்கள். அந்த உருப்படியில் எழுத்து நெருக்கமான இடம் எதுவோ, அநேகமாகச் சரணத்தின் கடைசி வரியோ சிட்டை ஸ்வரமோ (முன்பே அமைத்த ஸ்வரத் தொகுப்பு), அதை மனசுக்குள் ஒரு தடவை பாடிப் பாருங்கள். அது நிம்மதியாக நடக்கும் வேகம்தான் உங்கள் காலம். அந்த வேகத்தில் தொடையில் இரண்டு தட்டுத் தட்டி, பிறகு பல்லவியை எடுங்கள். மொத்தம் பத்து வினாடி வேலை.

பாடகர் ஓடினால் மிருதங்கம் பிடித்து இழுக்கலாமா என்று கேட்பார்கள். இழுக்கக் கூடாது, இழுத்தால் இரண்டு காலம் கேட்கும். சொல் நெருக்கத்தைக் குறைத்து, அட்சரத்துக்கு அட்சரம் தெளிவாகத் தெரிகிற மாதிரி சர்வலகு (கணக்கில்லாத நேர் நடை) வாசித்தால் பாடகரே இரண்டு ஆவர்த்தனத்தில் (தாளச் சுற்றில்) உட்கார்ந்துவிடுவார். பதற்றத்தில் இருப்பவருக்குத் தேவை சமம் (தாளம் தொடங்கும் இடம்) எங்கே என்ற நிச்சயம். அந்த நேரத்தில் அதீத எடுப்பும் (சமத்துக்கு முன்பே எடுப்பது) குறுக்குக் கணக்கும் காட்டுவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் செய்கிற காரியமில்லை.

---

பின்பாட்டு_22

சாகித்யம் (பாட்டின் வரிகள்) மறந்துபோவதைப் பற்றி யாராவது சொல்லுங்கள். வீட்டில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வருகிற சரணம், மேடையில் வரி நடுவில் வெறுமையாகிவிடுகிறது என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். டேப்லெட்டை எதிரில் வைத்துக்கொள்ளலாமா?

---

கீழ்ஸ்தாயி

பாடம் இரண்டு விதமாக மனசில் இருக்கும். ஒன்று, ஒரு வரியின் முடிவு அடுத்த வரியை இழுத்துக்கொண்டு வருவது. வாய் தானாக ஓடும், வீட்டில் நமக்கு இதுதான் வேலை செய்கிறது. இரண்டாவது, "சரணத்தின் மூன்றாம் வரி இது" என்று நேரே போய் எடுக்க முடிவது. பதற்றத்தில் மனசு வாய் போகிற போக்கைக் கவனிக்க ஆரம்பித்துவிடும். கவனித்ததும் சங்கிலி அறுந்துவிடும். அறுந்த பிறகு பிடித்துக்கொள்ள இரண்டாவது வகைப் பாடம் இல்லையென்றால் வெறுமைதான்.

நேரே எடுக்கும் பாடத்தை உண்டாக்க:

– கிருதியைக் கடைசி வரியிலிருந்து தொடங்குங்கள். கடைசி வரி, பிறகு கடைசி இரண்டு, பிறகு கடைசி மூன்று என்று பின்னோக்கி.
– வரிகளைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, வந்த வரியை அதே ஆவர்த்தன இடத்தில் எடுத்துப் பாடுங்கள்.
– ராகம் இல்லாமல் சாகித்யத்தை மட்டும் பேச்சாக, தாளம் போட்டுச் சொல்லுங்கள். இங்கே தடுமாறும் இடம்தான் மேடையில் உடையும் இடம்.
– பொருள் தெரிந்து பாடுங்கள். தெலுங்கு, சம்ஸ்கிருதம் தெரியாதவர்கள் ஒவ்வொரு வரிக்கும் தமிழில் நாலு சொல்லாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அர்த்தம் தெரியாத எழுத்துச் சரம்தான் முதலில் கழன்று போகிறது.
– இரண்டாம் எழுத்து ஒன்றிவருவதைப் பிடித்துக்கொள்ளுங்கள். தீட்சிதரின் ஹம்ஸத்வனி கிருதியில் பல்லவி 'வாதாபி', அனுபல்லவி 'பூதாதி', அதற்குள்ளேயே 'வீதராகிணம்' என்று இரண்டாம் எழுத்தில் தகரம் நிற்கிறது. அனுபல்லவி மறந்தால் "இரண்டாம் எழுத்து தகரம்" என்பதே பாதி வரியைக் கொடுத்துவிடும். தமிழ்க் கீர்த்தனைகளிலும் எதுகை இருக்கிறதே, அதே வேலைதான்.

டேப்லெட் விஷயம். முழுச் சாகித்யத்தையும் எதிரில் வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. கண் வரியில் இருக்கும்போது காது தம்புராவில் இருக்காது. நிரவலில் (ஒரே வரியை விரித்துப் பாடும்போது) பக்கம் நகர்ந்துவிட்டால் தேடுவதற்குள் ஆவர்த்தனம் போய்விடும். அதைவிட, அது எதிரில் இருந்தால் மட்டுமே பாட முடியும் என்ற பழக்கம் வந்துவிடும். ஒரு தபால் அட்டையில் ஒவ்வொரு உருப்படிக்கும் பல்லவி, அனுபல்லவி, சரணத்தின் முதல் சொல் மட்டும் பெரிய எழுத்தில் எழுதி, சுருதிப் பெட்டியின் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது போதும்.

---

வில்வீச்சு

இதில் கீழ்ஸ்தாயி சாரோடு எனக்குக் கொஞ்சம் மாறுபாடு. 40 வயதுக்கு மேல் மேடைக்கு வருகிறவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் "டேப்லெட் வேண்டாம்" என்றால் பாட வராமலே போய்விடுவார்கள். முதல் இரண்டு கச்சேரிக்கு முழுச் சாகித்யம், அடுத்த இரண்டுக்கு வரியின் முதல் சொல் மட்டும், அதன்பின் அட்டை என்று இறக்கிக்கொண்டு வரலாமே. ஊன்றுகோலை ஒரே நாளில் பிடுங்க வேண்டுமா?

---

கீழ்ஸ்தாயி

சரி, ஒப்புக்கொள்கிறேன், படிப்படியாக இறக்குகிற தேதியை முன்கூட்டியே எழுதி வைத்தால். தேதி இல்லாமல் தொடங்கினால் இறங்கவே மாட்டார்கள்.

மேடையில் வரி போய்விட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிறுத்தாதீர்கள். முந்தின வரியை இன்னொரு சங்கதியோடு ஒரு தடவை திருப்பிப் பாடுங்கள், ஒரு ஆவர்த்தனம் கிடைக்கும். அதற்குள் வரவில்லையென்றால் அகாரத்தில் ('ஆ' என்று) அதே வர்ணமெட்டைத் தொடருங்கள். வயலின் மெட்டைப் பிடித்திருக்கும். பின்னால் தம்புரா போடும் சிஷ்யரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தால் அந்தக் கணத்தில் முதல் சொல்லை எடுத்துக் கொடுப்பார். இந்த மூன்றையும் வீட்டில் வேண்டுமென்றே ஒத்திகை பாருங்கள். வரியை மறந்ததாக வைத்துக்கொண்டு தப்பித்துவரும் சாதகம் செய்தவருக்கு, மறதியைப் பற்றிய பயமே பாதி குறைந்துவிடும்.

---

மருந்துச்சீட்டு (மருத்துவர்)

மாத்திரை பற்றி யாரும் பேசவில்லை, ஆனால் தனிச்செய்தியில் கேட்கிறார்கள். வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

பேசப்படுவது புரோப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கர். அட்ரினலின் இதயத்திலும் தசையிலும் செய்யும் வேலையை இது தடுக்கிறது. படபடப்பும் கை நடுக்கமும் குறையும். தந்தி வாத்தியக்காரர்களின் மேடைப் பயத்துக்கு இதே வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1977-லேயே லான்செட் இதழில் வந்திருக்கிறது. மருத்துவர்கள் பொதுவாக 10 முதல் 40 மில்லிகிராம் வரை, நிகழ்ச்சிக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு எழுதுவார்கள்.

என்ன செய்யாது: வாய் வறட்சியைத் தீர்க்காது, மறந்த வரியைக் கொண்டுவராது, "என்ன நினைப்பார்களோ" என்ற எண்ணத்தை நிறுத்தாது. ஆகவே வில் பிடிக்கும் கைக்குக் கிடைக்கும் பயன் பாடகருக்கு அவ்வளவு இருக்காது.

யார் தொடக்கூடாது: ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து, மூச்சுக்குழல் இறுகிவிடும். துடிப்பு ஏற்கெனவே குறைவானவர்கள், குறை ரத்த அழுத்தம் உள்ளவர்கள், சிலவகை இதயக் கோளாறு உள்ளவர்கள் வேண்டாம். இன்சுலின் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை இறங்குவதைக் காட்டும் படபடப்பையும் நடுக்கத்தையும் இது மறைத்துவிடும். இது மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக்கூடாத மருந்து. நண்பரிடம் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது வேண்டவே வேண்டாம். சீட்டோடு வாங்கினாலும் முதல் தடவை கச்சேரி நாளில் போடக்கூடாது. வீட்டில் சாதாரண நாளில் போட்டு, ஒரு மணி நேரம் வாசித்துப் பார்த்துவிட வேண்டும்.

அல்பிரசோலம் மாதிரித் தூக்க வகை மாத்திரைகள் இசைக்கு நேர் எதிரி. நினைவையும் காலப்பிரமாண நுணுக்கத்தையும் மழுக்கும், பழக்கமாகவும் ஆகும். மதுவும் அப்படியே.

---

தொப்பி_ரவை

டாக்டர் சார், தெளிவாகச் சொன்னதற்கு நன்றி. ஒரு கேள்வி. மாத்திரை போட்டு மேடை ஏறிப் பழகினால், அது இல்லாமல் ஏற முடியாது என்று ஆகிவிடாதா? டேப்லெட் கதைதானே?

---

மருந்துச்சீட்டு

எப்போதாவது ஒரு வேளை போடுவதால் உடலுக்குப் பழக்கம் உண்டாகாது. மனசுக்கு உண்டாகலாம், நீங்கள் சொல்வது சரி. அதனால்தான் நான் இதை முதல் வைத்தியமாகச் சொல்வதில்லை. வேறொரு நோய்க்காகத் தினமும் எடுப்பவர்கள் மட்டும் திடீரென்று நிறுத்தக்கூடாது.

எப்போது மருத்துவரிடம் வர வேண்டும்: வீட்டில் தனியாக இருக்கும்போதும் கை நடுங்கினால் (தைராய்டைப் பார்க்க வேண்டும்), ஒரே விரல் குறிப்பிட்ட பிடியில் மட்டும் சொன்னபடி கேட்காமல் சுருண்டால் (இது பதற்றம் இல்லை, நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டியது), வந்த வாய்ப்புகளை மாதக்கணக்கில் தட்டிக்கழித்தால், கச்சேரிக்குப் பல வாரம் முன்பிருந்தே தூக்கம் போனால். இசைக்கலைஞர்களின் பதற்றத்தை அளக்க டயானா கென்னி உருவாக்கிய 40 கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு, உளவியலாளர்கள் பயன்படுத்துவார்கள். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இதற்கு நன்றாகப் பயன்படுகிறது. யாரிடம் போவதென்று தெரியாவிட்டால் மத்திய அரசின் டெலி மானஸ் 14416, கட்டணமில்லை.

---

கொலுப்பாட்டு (இசை ஆசிரியை)

டாக்டர் சொன்ன சிகிச்சையின் முக்கியமான பகுதி படிப்படியாகப் பயத்தின் பக்கத்தில் போவது. அதற்கு நம் ஊரில் படிகள் ஏற்கெனவே இருக்கின்றன, வரிசைதான் தெரியவில்லை. ஒவ்வொரு படியிலும் பயத்துக்கு 0 முதல் 100 வரை எண் கொடுக்கச் சொல்லுங்கள். உத்தேசமான வரிசை:

போனில் ஒரே தடவை பதிவு செய்து, திருத்தாமல் குருவுக்கு அனுப்புவது. வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் ஒரு கிருதி. நவராத்திரியில் கொலு வைத்த வீடுகள்: மைக் கிடையாது, கேட்பவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார்கள், ஒரு மாலையில் மூன்று வீடு போகலாம். ஒன்பது நாளில் இத்தனை மேடை வேறெந்தக் காலத்திலும் கிடைக்காது. பிறகு கோயில் உற்சவம்: மைக் சுமாராக இருக்கும், மணி அடிக்கும், ஜனங்கள் எழுந்து போவார்கள், அதில் பாடிப் பழகியவருக்கு ஸபாவில் ஒருவர் எழுந்து போனால் மனசு உடையாது. அதன்பின் மதியக் கச்சேரி.

ஒரே படியைப் பயத்தின் எண் பாதியாகக் குறையும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். 80 இருக்கும்போதே அடுத்த படிக்குத் தாவினால் பயம் உறுதிப்படும். நடுவில் எழுந்து போகக் கூடாது. எழுந்து போனதும் கிடைக்கும் நிம்மதிதான் அடுத்த தடவை பயத்தை வளர்க்கிறது.

ஆராதனைகளில் பஞ்சரத்ன கோஷ்டியில் உட்கார்ந்து பாடுவதைப் பலர் மேடைப் பழக்கம் என்று கணக்கில் சேர்க்கிறார்கள். பாடாந்தரத்துக்கு (குருவழிப் பாடமுறைக்கு) நல்லது, பக்திக்கு நல்லது, பயத்துக்கு உதவாது. கோஷ்டியில் நம் குரல் தனியாகக் கேட்பதே இல்லையே.

வானொலித் தேர்வு இந்த வரிசையில் சேராது. அங்கே ஆளே இல்லாத அறை, மூடிய கதவு, சிவப்பு விளக்கு. கூட்டத்தின் முன் பயப்படாதவர்கள்கூட அங்கே தடுமாறுவார்கள். அதற்குத் தனிச் சாதகம்: கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, யாரையாவது வெளியிலிருந்து ராகத்தின் பெயரைச் சொல்லச் சொல்லி, சொன்னதும் ஐந்து வினாடிக்குள் ஆலாபனையை எடுப்பது.

---

சீவாளி (நாதஸ்வரம்)

வாய் வறட்சி எங்களுக்குத்தான் பெரிய விஷயம். சீவாளி (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு) காய்ந்தால் சத்தமே வராது. பதற்றம் உள்ளவர்கள் மூன்று சீவாளியாவது நனைத்துப் பதப்படுத்தித் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள், ஒன்று அடைத்தால் அடுத்தது. சில்லென்ற தண்ணீர் வேண்டாம், வெந்நீரைச் சிறு வாயாகக் குடியுங்கள். நாக்கு நுனியை மெல்லக் கடித்தால் உமிழ்நீர் ஊறும். கச்சேரிக்கு மூன்று மணி முன்பு காபியை நிறுத்திவிடலாம், படபடப்பைக் கூட்டும், நெஞ்சுக்கு எதுக்களிக்கும்.

---

வில்வீச்சு

ஒலி அமைப்பையும் சொல்லியாக வேண்டும். பதற்றம் என்று நினைப்பதில் பாதி, தம்புரா காதில் விழாததால் வருவது. மானிட்டரில் தம்புராவையும் உங்கள் குரலையும் மட்டும் கேளுங்கள், மிருதங்கம் வேண்டாம். அது பக்கத்திலேயே இருக்கிறது. சரிபார்க்கும்போது மெல்லப் பாடிக் காட்டிவிட்டுக் கச்சேரியில் உரக்கப் பாடினால் கணக்குத் தப்பும். தார ஸ்தாயியில் ஒரு வரி, மந்தரத்தில் ஒரு வரி பாடிக் காட்டுங்கள். குளிர்சாதன அரங்கில் வாத்தியங்களைப் பெட்டியிலிருந்து சீக்கிரம் வெளியே எடுத்து வைத்தால், முதல் உருப்படி நடுவில் பிருடையை (தந்தியை முறுக்கும் கட்டையை) திருகும் பதற்றம் இருக்காது.

---

பின்பாட்டு_22

எல்லாருக்கும் நன்றி. இரண்டு கேள்வி. ஒன்று, மேடை ஏறும் கணத்தில் மனசுக்குள் என்ன சொல்லிக்கொள்வது? இரண்டு, ஸ்வரம் பாடும்போது கோர்வைக் கணக்கு (முடிவுக்கு அமைத்த ஸ்வரக் கணக்கு) தப்பினால் எப்படிச் சமத்துக்கு வருவது?

---

கொலுப்பாட்டு

முதல் கேள்விக்கு: "அமைதி, அமைதி" என்று சொல்லாதீர்கள். துடிக்கும் நெஞ்சு அதை நம்பாது. ஹார்வர்டின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பாடுவதற்கு முன் "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் நன்றாகப் பாடினார்கள். உடல் இரண்டுக்கும் ஒரே மாதிரித்தான் துடிக்கிறது, பெயரை மாற்றுவது சுலபம். அதோடு ஒரே ஒரு செய்முறைக் குறிப்பு: "முதல் வரி, இந்தக் காலம்". பாராட்டு, விமரிசனம், முதல் வரிசையில் யார் என்பதெல்லாம் அந்த நிமிஷத்தில் வேண்டாம்.

ஆலாபனைக்கும் இதே மாதிரி. பதற்றத்தில் எல்லாரும் இரண்டு நிமிடத்தில் மேல் ஷட்ஜத்துக்குப் போய்விட்டு, பிறகு செய்ய ஒன்றுமில்லாமல் தவிப்பார்கள். நிற்கும் இடங்களை முன்பே முடிவு செய்யுங்கள். கல்யாணி என்றால் காந்தாரம், பஞ்சமம், நிஷாதம், மேல் ஷட்ஜம். எட்டு நிமிட ஆலாபனையில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம். ஆரபியில் காலம் தளர்ந்து குழைய ஆரம்பித்தால் தேவகாந்தாரி எட்டிப்பார்க்கும். ஒட்டியிருக்கும் ராகங்களைப் பயம் உள்ள கச்சேரியில் பிரதானமாக வைக்காதீர்கள்.

பெற்றோர்களுக்கும் ஒன்று: குழந்தை பாடும்போது முதல் வரிசையில் உட்கார்ந்து பெரிதாகத் தாளம் போடாதீர்கள். குழந்தை உங்கள் கையைப் பார்க்கும், நீங்கள் ஒரு அட்சரம் தவறினால் அதுவும் தவறும். ஆறாவது வரிசை நல்லது. வீட்டுக்குப் போகும் வண்டியில் தவறுகளைப் பட்டியல் போடவும் வேண்டாம். பதிவை இரண்டு நாள் கழித்து ஆசிரியரோடு கேட்கட்டும்.

---

தொப்பி_ரவை

இரண்டாவது கேள்விக்கு: பெரிய கோர்வை ஒன்று தயார் செய்தால் கூடவே தப்பிக்கும் வழி ஒன்றும் தயாராக இருக்க வேண்டும். எளிது "ததிகிணதொம்" மூன்று தடவை. 5 + 5 + 5 = 15 மாத்திரை (ஒரு மாத்திரை அட்சரத்தில் கால்பங்கு).

ஆதி தாளம், ஒரு களை: 8 அட்சரம், 32 மாத்திரை. 32-இல் 15 போனால் 17. அதாவது முதல் துருதத்தின் (லகுவின் நாலு அட்சரத்துக்குப் பின் வருவது) தட்டு 16 மாத்திரை கழிந்து விழுகிறது, அதற்கு ஒரு மாத்திரை தள்ளி எடுத்தால் சமத்தில் விழும். இடையில் இரண்டிரண்டு மாத்திரை கார்வை விட்டால் 5 + 2 + 5 + 2 + 5 = 19; 13-இல் எடுக்க வேண்டும். லகுவின் கடைசி விரலுக்கு ஒரு மாத்திரை தள்ளி. இரண்டுமே "ஒரு அட்சரம், ஒரு மாத்திரை தள்ளி" என்பதால் பதற்றத்திலும் கை மறக்காது.

அரை இடத்து எடுப்பு (சமத்துக்கு அரை அட்சரம் தள்ளித் தொடங்குவது) என்றால் எல்லாம் இரண்டு மாத்திரை தள்ளும்: கார்வையில்லாத 15-ஐ 19-இல், அதாவது முதல் துருதத் தட்டின் கடைசி மாத்திரையில் எடுங்கள்.

ரூபகம்: ஒரு ஆவர்த்தனம் 12 மாத்திரை, இரண்டு சேர்ந்து 24. 24-இல் 15 போனால் 9. முதல் ஆவர்த்தனத்தின் மூன்றாவது அட்சரத்துக்கு ஒரு மாத்திரை தள்ளி.

மிஸ்ர சாபு: 14 மாத்திரை, இரண்டு ஆவர்த்தனம் 28. 28-இல் 15 போனால் 13. முதல் ஆவர்த்தனத்தின் கடைசி மாத்திரையில் எடுத்தால் அடுத்த ஆவர்த்தனம் முழுவதும் ஓடி சமத்தில் நிற்கும்.

சாதகம் செய்யும்போது கோர்வையை வேண்டுமென்றே நடுவில் விட்டுவிட்டு, சர்வலகுவில் ஒரு ஆவர்த்தனம் சுற்றி, இந்த இடத்தில் பிடியுங்கள். தினம் பத்து தடவை, ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் விட்டுவிட்டு.